மூத்தாளுக்கு முதல் மருதாணி

மருதாணி வைக்கிறவளுக்கு இரண்டு தொல்லை, ஒன்று ஈரக்காற்று, இன்னொன்று மாமியார். மலையில் இரண்டுக்கும் குறைவில்லை என்று பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பண்ணைக்காட்டில் இருந்துகொண்டு மேல்மலை வரைக்கும் வளைகாப்பு வீடுகளுக்குப் போய்வந்தேன்.

அவசரக் கை

மேல்மலைக் கவுஞ்சியில் பூண்டு பயிர் போடுகிற ஒரு குடும்பம். இளையதாரம் ராசாத்திக்கு ஏழாம் மாதம். மூத்ததாரம் பிரசவத்தில், பிள்ளை கால் முன்னால் வந்து, இறந்துபோனவள். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: மூத்தவளின் சேலையைப் பலகையில் மடித்து வைத்து, அதற்கு முதல் பொட்டு மருதாணி வைத்த பிறகுதான் இளையவள் கையைத் தொட வேண்டும். எனக்குத்தான் அவசரபுத்தியாயிற்றே. அரைத்தது காய்கிறதென்று ராசாத்தியின் இரண்டு உள்ளங்கையிலும் வட்டம் வைத்துவிட்டேன். சேலையை எடுத்து வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

“மூத்தவளுக்கு வைக்காம வச்சிட்டீங்களே. இவளயும் கூட்டிட்டுப் போயிருவாளே.”

வெளுத்த கை

மறுநாள் காலையில் கழுவினோம். வலக்கை நன்றாகச் சிவந்திருந்தது. இடக்கையில் மருதாணி வைத்த தடமே இல்லை. ஒரே அம்மியில் அரைத்தது, ஒரே அடுப்பு முன்னால் உட்கார்ந்து காயவைத்தது. குளிர் ஒரு கைக்கு மட்டுமா வரும்? பித்த உடம்பு, அது இது என்று ஏதோ உளறினேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் பழி என்னுடையது. ராசாத்தி மட்டும் பதறாமல், ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தபடி சொன்னாள்.

“நேத்துப் பூரா அந்தக் கை சில்லுனு கெடந்துச்சுக்கா. யாரோ பிடிச்சிட்டே இருந்தாங்க.”

முப்பதாம் நாள்

மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்குத் தொட்டில் போடுகிறார்கள், வெரசா வா என்று ஆள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. இந்தத் தடவை சேலைக்குத்தான் முதலில் வைத்தேன். இந்தப் பிள்ளைக்கும் கால்தான் முன்னால் வந்ததாம். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். மாமியார்தான் சொன்னார். மடியில் பிள்ளை பால் குடிக்க, ராசாத்தி இடக்கையை நீட்டினாள். அடுப்பருகில் இருந்தும் அது பனியாய்க் குளிர்ந்தது.

“நான் போயிட்டுத்தான் இருந்தேன்க்கா. அவங்கதான் இந்தக் கையப் பிடிச்சு இழுத்து வச்சுக்கிட்டாங்க.”

அன்றிலிருந்து எந்த வளைகாப்பு வீட்டில் நுழைந்தாலும், இருக்கிற மாமியாரைக் கும்பிடுவதற்கு முன்னால், இல்லாதவர் யார் யார் என்று விசாரித்துக்கொள்கிறேன்.