ஏடு திரியாது என்றாள் அஞ்சலை

என் எழுத்து ஒரு வரியில் மேலே ஏறும், அடுத்த வரியில் கீழே இறங்கும். சில இடத்தில் கொம்பு பெரிதாகவும் எழுத்து சிறிதாகவும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை இது. எழுபது வயதுக்கு மேல்தான் பேனாவைப் பிடித்தது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை.

அஞ்சலை இறந்த செய்தி எனக்குப் போனில் எழுத்தாக வந்தது. மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். அவள் மகள் செல்வி அனுப்பியிருந்தாள். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். முதல் சொல் ‘மாமா’. அடுத்த சொல் ‘அம்மா’. அஞ்சலை ஏதோ கிண்டலாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டேதான் மூன்றாவது சொல்லுக்குப் போனேன். அது ‘தவறிட்டாங்க’. பாதியிலேயே என் விரல் நின்றுவிட்டது. அதுவரை எனக்குச் சாவுச் செய்தியெல்லாம் காது வழியாகத்தான் வந்திருக்கிறது. கண் வழியாக வந்த முதல் சாவு இதுதான். தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்று இன்னொரு தரம் படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

மலைமேல் கரியாலூரில், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் நம் மாலை வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் அவளைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அஞ்சலை எருமை வைத்து டீக்கடைகளுக்குப் பால் ஊற்றியவள். புருஷன் சீக்கிரம் போய்விட்டான். ஒற்றை ஆளாக நின்று மகளைக் கள்ளக்குறிச்சிக் கல்லூரி வரைக்கும் படிக்க வைத்தாள். எனக்கு உறவு இல்லை, ஆனாலும் என்னை அண்ணா என்பாள். வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நான் இங்கே அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ‘அவர்’ என்று எழுதினால் அவளே சிரித்துவிடுவாள்.

வகுப்பு தொடங்கிய புதிதில் டீச்சர் பலகையில் ஆடு, இலை, ஈ என்று எழுதிப் போட்டார். எல்லோரும் அப்படியே சொன்னோம். அஞ்சலை மட்டும் எழுந்து நின்றாள்.

“டீச்சர், ஆட்ட நான் பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கறேன். ஈய தினமும் வெரட்டிக்கினு இருக்கறேன். அதயே எழுதிக் காட்டினா எனக்கு இன்னா தெரிஞ்சிடும்? நான் பாக்காதது எதுனா ஒண்ணு எழுதுங்களேன்.”

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பெண் அவர். எழுத்தெல்லாம் தெரிந்த பிறகு ஒருநாள், அவர் வீட்டில் செய்கிற ஓர் இனிப்பைப் பலகை நிறைய எழுதிப் போட்டார். தலைப்பு ‘எலுமிச்சைப் பாலேடு’. மூன்றே பொருள்தான். பாலேடு, சர்க்கரை, எலுமிச்சம்பழம். அஞ்சலை அதை ஒரு தாளில் பார்த்து எழுதி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். நம் பக்கத்தில் பாலின் மேலே படிவதை ஆடை என்போம். ஏடு என்றால் சோசியக்காரர் வைத்திருக்கும் ஓலைதான் எங்களுக்குத் தெரியும். அஞ்சலை தாளைப் பிரித்து, தலைப்பில் விரலை வைத்தாள்.

“பால் ஏடு. பாலப் பத்தின ஏடுன்னு மேல பேர் போட்டிருக்குது. அப்ப பால்தான் எடுக்கணும், இல்லீங்களாண்ணா?”

“வேற இன்னா? அப்பிடித்தான் இருக்கும்” என்று நானும் தலையை ஆட்டினேன்.

பாலைக் கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பிழிந்த கையோடு பால் திரிந்து, கட்டி ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்துபோனது. கன்றுக்குட்டிக்கு வைத்தாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இதுக்குக் கூட புடிக்கல பாருண்ணா” என்று அவள் சிரித்தாள். வேறு யாராக இருந்தாலும் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அவள் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். ‘பாலேட்டைச் சட்டியில் ஊற்றி’ என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

“ஏட்ட எப்பிடிண்ணா ஊத்த முடியும்? ஓலையயா ஊத்துவாங்க? ஊத்தறதுன்னா அது கொழகொழன்னு இல்ல இருக்கணும்?” கொஞ்ச நேரம் பால் சட்டியையே பார்த்தாள். திடீரென்று தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். “ஆடைண்ணா! நம்ம ஆடையத்தான் அவங்க ஏடுன்னு எழுதிக்கிறாங்க!”

மாலையில் டீச்சரிடம் கேட்டோம். ஆமாம், இரண்டும் ஒன்றுதான் என்றார். வெளியே வரும்போது அஞ்சலை சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “எழுத்து தெரிஞ்சா மட்டும் பத்தாதுண்ணா. எழுதனவங்க வூட்டுல எத எப்பிடி சொல்லுவாங்கன்னும் தெரியணும்.”

இதற்குப் பிறகுதான் செல்விக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு திருக்கோவிலூர். பையன் நல்ல பையன். செல்விக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஆனால் பையனின் அம்மா சொன்ன ஒரு பேச்சை நடுவில் நின்ற ஆள் கொண்டுவந்து அஞ்சலையிடமே சொல்லிவிட்டார். “பொண்ணு படிச்சிருக்குது, சரி. பொண்ணோட அம்மா கைநாட்டாமே? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது?”

அஞ்சலை அதைக் கேட்டு அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. அவர்கள் பார்த்து முடிவு சொல்ல வரும் நாளைக்கு எலுமிச்சைப் பாலேடு செய்வேன் என்றாள்.

“கேசரி போதும்மா” என்றாள் செல்வி. அவள் முகத்தில் பயம் தெரிந்தது.

“கேசரி எல்லார் வூட்டுலயும் பண்றது. நான் படிச்சிப் பண்ணத அவங்க வாயில வெச்சிப் பாக்கட்டும்.”

நானும் சொல்லிப் பார்த்தேன். “வெளாட்டு இல்ல அஞ்சல. திரிஞ்சிதுன்னா அதயே சகுனம்னு பேசுவாங்க. பொண்ணு காரியம்.”

“பால் திரிஞ்சிது. நான் இன்னும் ஆடைல பண்ணிப் பாக்கலயே. எழுதியிருக்கறத நம்பலன்னா அப்புறம் எதுக்குண்ணா நம்ம ரெண்டு பேரும் படிச்சோம்?” என்று கேட்டாள்.

அந்த நாளுக்கு முந்தின மாலையில் கறந்த எருமைப் பாலைக் காய்ச்சாமல் அகலமான சட்டியில் ஊற்றி, குளிர்ச்சியான இடத்தில் அசையாமல் வைத்திருந்தாள். விடிந்ததும் மேலே தடிப்பாக நின்ற ஏட்டைக் கரண்டியால் வழித்தெடுத்தாள். அதில் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் ஏற்றிக் கிண்டிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை கரைந்து, குமிழி விட்டுப் பொங்கி வந்தது. கொஞ்ச நேரம் அடங்கிய தீயில் கொதிக்கவிட்டு இறக்கிவைத்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் எடுத்த நேரம் வாசலில் ஆள் அரவம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முந்தின பஸ்ஸிலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். பையனின் அம்மா நேராக அடுப்படிக்கே வந்து நின்றார்.

“அய்யய்யோ! இன்னாங்க பண்றீங்க? பால்ல போயி எலுமிச்சம்பழத்தப் பிழியறீங்களே! நல்ல காரியம் பேச வந்த எடத்துல திரிஞ்சிப் போயிடப் போவுதுங்க!”

செல்வி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அஞ்சலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பால்னா திரியும். இது ஏடு. ஏடு திரியாதுங்க.”

சொல்லிவிட்டுப் பிழிந்தாள். பழம் முழுவதையும் பிழிந்தாள். நாங்கள் எல்லோரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். கட்டி இல்லை, தண்ணீர் பிரியவில்லை. சந்தனம் குழைத்த மாதிரி கொஞ்சம் கெட்டியாகி, வழவழவென்று அப்படியே நின்றது. சின்ன டம்ளர்களில் ஊற்றி, மேலே மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிப் போட்டாள்.

ஆனால் அது இறுகினால்தான் இனிப்பு. இல்லாவிட்டால் புளித்த கஞ்சி. அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. டம்ளர்களை எதிரில் இருந்த பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் சோடா பாட்டில்களுக்கு நடுவில் வைத்தோம். இங்கே உள்ளே சாப்பாட்டுப் பந்தி நடந்தது. நான் இலையில் உட்காராமல் கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா பெருசு, உள்ள கோழிய அடைக்கா வெச்சிக்கிற? சும்மா சும்மா தொறந்தா குஞ்சு பொரிக்காது.”

சாப்பாடு முடிந்து டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அஞ்சலை ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் சாய்த்துக் காட்டினாள். ஒழுகவில்லை. அலுங்காமல் நின்றது. பையனின் அம்மா ஸ்பூனால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

“புளிப்பும் இருக்குது, தித்திப்பும் இருக்குது. வாயில வெச்சா வெண்ணெயாட்டம் கரைஞ்சி பூடுது. எந்தக் கடைல வாங்கினு வந்து டம்ளர்ல மாத்தனீங்க?”

“நீங்கதான் பாத்தீங்களே, நான் பிழிஞ்சத.”

“இத யார் சொல்லிக் குடுத்தாங்க?”

அஞ்சலை இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். பிரித்து, விரல் வைத்து, அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தலைப்பிலிருந்து படித்தாள். வேகமாகப் படிக்கவில்லை. ஓர் இடத்தில் தடுக்கியது, திரும்பிப் போய்ச் சரியாகப் படித்தாள். பையனின் அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்கும் இத எழுதிக் குடுங்க. நானும் என் மருமவளுமா எங்க வூட்டுல பண்றோம்.”

மருமகள் என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வீடே சிரித்தது. செல்வி உள்ளே ஓடினாள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினாள். பொருள்களை எழுதும்போது ‘பாலேடு’ என்று எழுதி, பக்கத்தில் ‘அதாவது ஆடை’ என்று அவளாகவே சேர்த்தாள். திருக்கோவிலூரில் யாராவது பாலை ஊற்றிக் கெடுத்துவிடக் கூடாதாம். எலுமிச்சைக்கு ‘ளு’ போட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அடித்துவிட்டு ‘லு’ போட்டாள். அவள் எழுதி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. சம்பந்தியம்மா அவசரப்படுத்தவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்து, தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு அஞ்சலை என்னிடம் வந்தாள். “அண்ணா, என்னப் பாத்து எழுதிக் குடுங்கன்னாங்கண்ணா!”

“மருமவள்னாங்களே, அது உன் காதுல வுழலியா?”

“அது செல்விக்கு. இது எனக்கு” என்றாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். அவளை நினைத்தால் எனக்கு அழுகை வருவதைவிடப் பெருமைதான் ஜாஸ்தியாக வருகிறது. கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு மலையில் எத்தனையோ வீட்டில் அந்த இனிப்பைச் செய்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவளே எழுதிக் கொடுத்தாள். வாயால் சொல்லு போதும் என்றவர்களுக்குக்கூட எழுதித்தான் கொடுத்தாள்.

போன வாரம் டீச்சர் என்னிடம், “ஐயா, அஞ்சலையம்மாவைப் பத்தி நீங்க எழுதிக் குடுங்க. வகுப்புல எல்லாரும் படிக்கலாம்” என்றார். எழுதிக் கொடு என்று என்னை யாரும் இதற்கு முன்னால் கேட்டதில்லை. பேனாவைத் தேடினேன். அன்றைக்கு அவள் ஏன் சிரிக்காமல் பேனாவைத் தேடினாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். புரியாத சொல் வந்தால் வெட்கப்படாமல் வாய்விட்டு மறுபடியும் படிக்கிறேன். படித்தது சரி என்று தெரிந்தால் யார் என்ன சொன்னாலும் கையை நிறுத்துவதில்லை. யாராவது கேட்டால் எழுதிக் கொடுக்கிறேன்.

விரல் வலிக்கிறது. இன்றைக்கு இவ்வளவுதான் முடிந்தது. அடுத்த வாரம் அவள் எருமைகளைப் பற்றி எழுதுவேன். இரண்டு எருமைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயர்களை இதுவரை யாரும் எழுதியதே இல்லை.