ஜெர்மானாவின் நீலப் பாத்திரம்

இத்தாலியின் லூகோ ஊரில், சந்தைக்குப் பின்னால் நீவெஸ் என்ற பெண் நடத்தும் கடையில் ஒயின் மட்டும்தான் கிடைக்கும். சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மதியம் மூட்டைகளை அவிழ்த்தால் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் கொண்டாட்டம் என்று மேசைக்கே தெரிந்துவிடும். போலோன்யா நகருக்குப் பஸ் ஓட்டும் ஓரியானோ அங்கே ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, எல்லாம் மேசையே பங்கு போட்டுத் தின்னும் அவன் மனைவி ஜெர்மானாவின் சமையல்.

குளிர்காலத்தில் ஜெர்மானா ஆஸ்பத்திரியில் படுத்தாள். பிழைப்பாள் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. பிழைக்கமாட்டாள் என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அந்த வாரம் பார்த்து டிப்போவில் ஆள் இல்லை. காலையில் ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. நேரம் இருந்தாலும் என்ன, வெந்நீர் வைக்க மட்டுமே தெரிந்த மனிதன்.

ஓட்டலில் சாப்பிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேசையில் தன் இடம் காலியானால் ஜெர்மானாவே போய்விட்ட மாதிரி அவனுக்குப் பட்டது. திங்கட்கிழமை கறிக்கடையில் சமைத்து விற்கும் இறைச்சி உருண்டையும் பட்டாணியும் வாங்கி, அவளுடைய நீலப் பாத்திரத்தில் கொட்டி, அவள் கட்டுவது போலவே துணியில் கட்டி எடுத்துப் போனான்.

"வீட்டுச் சாப்பாடா?" என்றான் குழாய் வேலை பார்க்கும் வானெஸ்.

"பின்னே? முன்னாடியே செஞ்சு ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தா."

வானெஸ் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு நீவெஸைப் பார்த்தான். "ஜெர்மானான்னா கொக்கா!" என்றான்.

அன்று சாயங்காலம் ஓரியானோ இதை அப்படியே அவளிடம் சொன்னான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான், பாவம்.

"கறிக்கடை உருண்டையையா? ரப்பர் மாதிரி இருக்குமே, அதையா?" என்றாள் ஜெர்மானா. "இத்தனை வருஷம் என் கையால தின்னுருக்கானுங்க. ஒருத்தன் நாக்குக்குமா வித்தியாசம் தெரியல?" சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளியே வந்த பிறகுதான் ஓரியானோவுக்கு உறைத்தது. சாகக் கிடக்கிறவளிடம், நீ போனாலும் ஒன்றும் குறையாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோமே! அடுத்த நாள் பஸ் நிலையத்தில் நின்றபடியே எதையோ மென்று விழுங்கினான். நீவெஸ் கடைப்பக்கம் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவளே பேச்செடுத்தாள். "காதைக் குடு. ரொட்டியைப் பால்ல ஊற வை. கறியோட பிசை. ஜாதிக்காய் துருவிப் போடு, கஞ்சத்தனம் பண்ணாதே." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகுமுன் அவன் சமைத்தான். அடி பிடித்தது. மத்தியானம் வானெஸ் ஒரு வாய் வைத்ததும் தாடையை அசைக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா இது, இருமல் மருந்தா?"

"நான்தான் பண்ணேன். அன்னிக்குக் கொண்டுவந்தது கறிக்கடையில வாங்கினது."

"தெரியுமே," என்றாள் நீவெஸ். "உன் மூஞ்சியைப் பாத்துட்டு அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?"

"அவ கைப்பக்குவம் எங்கே, அந்தக் கறிக்கடைக்காரன் எங்கே!" என்றான் வானெஸ். "இது அதைவிடக் கேவலம். இதை நாய்கூட மோந்து பாக்காது." சொல்லிக்கொண்டே ரொட்டியால் பாத்திரத்தை வழித்துத் தின்றான்.

ஓரியானோ அந்தக் கிண்டலில் ஒரு வார்த்தை விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஜெர்மானா சிரித்தாள். இருமல் வந்தும் நிறுத்தாமல் சிரித்தாள்.

"ஜாதிக்காயை அள்ளிப் போட்டிருப்பே."

"ஆமா."

"அடுத்த தடவை பாதி போடு."

அடுத்த தடவை அவன் பாதிதான் போட்டான். எப்படி இருந்தது என்று கேட்க அவள் இல்லை. துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையோடு வந்து மேசையில் நீலப் பாத்திரத்தைத் திறந்து வைத்தான். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பாத்திரம் காலியாகும்வரை தின்றார்கள்.

"அவ ருசி வரலடா," என்றான் வானெஸ் கடைசியில்.

ஓரியானோ தலையாட்டினான். அதைக் கேட்கத்தான் வந்திருந்தான்.