ஹமீதுன்னிசாவுக்கு இரண்டு நாள் லீவு

பஞ்சின் மேல் ஊசி நுனியை இழுத்துப் பார்க்கிறாள் ஹமீதுன்னிசா. இழை சிக்குகிறது. சாணைக்கல்லில் இன்னும் நாலு தேய்ப்பு. இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த ஊசியை எடுக்கிறாள். அறுபத்தைந்தில், தர்மபுரி தனி மாவட்டமான வருடம், இந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். பதினோரு வருடமாக அவள் காலை இப்படித்தான் விடிகிறது.

வத்தல்மலையிலிருந்து இறங்கி வரும் சென்றாயன், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொல்வார்: “நோவே தெரியலீங்க நர்சம்மா. உங்க கை ராசிங்க.”

“கை இல்லீங்க, கல்லு” என்பாள். சிரிக்க மாட்டாள்.

நாற்பது கட்டில், எழுபது நோயாளிகள். மிச்சப்பேருக்குத் தரையில் பாய். நர்சுகள் இரண்டே பேர். கிழிந்த கையுறைக்கு ஒட்டுப் போட்டு, அலசிக் காயவைத்து, மறுபடி மாட்டிக்கொள்வாள். இதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் போன சித்திரையில் பிரசவ அறையில் ஒரு சிசுவின் தலை வெளிவரும் நேரம், வார்டின் அந்தக் கோடியிலிருந்து வாந்திபேதிக்காரி ஒருத்தி கூப்பிட்டாள். இவள் போய்ச் சேர்வதற்குள் குரல் நின்றுவிட்டது.

அதன் பிறகுதான், குவைத்தில் இருக்கும் தோழி ஷகிலாவின் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தாள். அங்கே ஒரு நர்சுக்கு எட்டு நோயாளிகளாம். ஊசியை ஒருமுறை குத்தியதும் எறிந்துவிடுவார்களாம். விண்ணப்பம் போட்டாள்.

இந்தத் தையில் மெட்ராஸில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இன்னொரு நர்ஸ் மாதம்மாள் பிரசவ விடுப்பில் இருந்ததால், பகலுக்கும் இரவுக்கும் இவள் ஒருத்திதான். “மாத்து ஆள் இருந்தா போயிட்டு வாங்க சிஸ்டர்” என்றார் டாக்டர் கிருஷ்ணப்பன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஹமீதுன்னிசா அழைப்பை மடித்து மருந்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

வார்டு ஆயா குள்ளம்மாள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் இரண்டரை மாதக் குழந்தையோடு மாதம்மாள் வந்து நின்றாள்.

“கெளம்புங்கக்கா. ரெண்டு நாளு நான் பாத்துக்கறேன்.”

“பச்ச ஒடம்புக்காரி நீ. வூட்டுக்குப் போ.”

“எனக்கு வலி எடுத்தப்ப ரெண்டு நாளு தூங்காம நின்னது யாருங்க?”

ஹமீதுன்னிசா குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: “நான் ஒரேடியா போயிட்டா நீ ஒருத்தி என்ன பண்ணுவ?”

மாதம்மாள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “நீங்க இங்கியே இருந்தா மட்டும் இன்னும் ரெண்டு நர்ஸ போட்டுடுவாங்களா? சம்பளமும் நல்லா தருவாங்களாமே, போங்க.”

“சம்பளத்துக்கு இல்ல மாதம்மா. கூப்பிட்ட ஒடனே போயி நிக்கணும். அதுக்குத்தான்.”

மூன்றாம் நாள் காலை மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வார்டுக்கு வந்தாள். எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்து எழுதி முடித்திருந்தது. வாசற்படியில் குள்ளம்மாள் மடியில் குழந்தை உறங்க, உள்ளே மாதம்மாள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“கெடச்சிதாக்கா?”

“ம். பங்குனிக் கடைசில வரச் சொல்லிட்டாங்க.”

மாதம்மாளின் விடுப்பு அடுத்த வாரம் முடிகிறது. ஹமீதுன்னிசா சுவரில் மாட்டியிருந்த டியூட்டி அட்டையைக் கழற்றினாள். தான் புறப்படும் நாள் வரை, இரவுக் கட்டங்களில் இருந்த மாதம்மாளின் பெயரை ஒவ்வொன்றாக அடித்து, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.