தில்லைநாயகி மேடமும் ஓரக்காரனும்

செய்தி வந்தபோது நான் கடலூர் பஸ் நிலையத்தில், சிதம்பரம் பஸ்ஸின் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட்டு பிடித்துக்கொண்டிருந்தேன். அதே சீட்டில் கைப்பையை வைத்திருந்த ஒருவர் என் குலத்தையே விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கலா போன் செய்தாள். மேடத்தின் தம்பி மனைவி. "மாமா, அண்ணி போயிட்டாங்க மாமா. காலைல காப்பி கேட்டாங்க, கொண்டுபோறதுக்குள்ள..." நான் மேடத்தைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். சண்டைக்கு நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். என் வாழ்நாளில் ஒரு வாக்குவாதத்தில் நான் ஜெயித்தது அன்றைக்குத்தான்.

மேடத்திடம் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. ஒரே கல்லூரியில் அவர் தத்துவம் நடத்தினார், நான் வணிகவியல். நான் பத்திரிகைகளில் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "ரெண்டாவது பாராவுல சிரிச்சேன்ப்பா, அப்புறம் பழகிடுச்சு" என்பார். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார். வாங்காதவர்கள் கை தூக்கலாம்.

மேடத்திடம் இருந்த ஒரு பழைய லத்தீன் புத்தகத்தைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவின. புதையல் வரைபடம் என்றுகூட எங்கள் கல்லூரி கேன்டீனில் சொன்னார்கள். அதைக் கிளப்பிவிட்டது நான்தான் என்று மேடம் கடைசிவரை நம்பினார். உண்மை இதுதான். முன்னூறு ஆண்டுகளுக்கும் முன் ஹாலந்து நாட்டில் மூக்குக்கண்ணாடிச் சில்லு தேய்த்துப் பிழைத்த ஒரு தத்துவஞானி. சொந்த ஜனமே தள்ளிவைத்த மனிதர். அவர் இறந்த பிறகு நண்பர்கள் பயந்து பயந்து அச்சிட்ட முதல் பதிப்பு அது. முகப்பில் அவர் பெயர்கூட முழுதாக இருக்காது, முதலெழுத்துகள் மட்டும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் பிழையாக எழுதுவேன் என்று மேடம் எனக்குத் தடை போட்டிருந்தார்.

எந்தக் கப்பலில் வந்து கடலூரில் இறங்கியதோ, மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டுப் பீரோவில் தலைமுறைகளாகக் கிடந்தது. அந்த வக்கீல் 2004இல் மேடத்திடம் கொடுத்தார். "படிச்சிட்டுக் குடுங்க. ஆனா ஜெராக்ஸ் கூடாது, போட்டோவும் கூடாது. முதுகுத் தையல் விட்டுடும்." மேடம் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் படிப்பதற்கு லத்தீன் வேண்டுமே என்று, சிதம்பரத்திலிருந்து வாராவாரம் கடலூருக்குப் பஸ் ஏறி ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரிடம் கற்றுக்கொண்டார்.

தத்துவஞானியின் நூல் புது அச்சில் எங்கும் கிடைக்கும். மேடத்துக்கு வேண்டியது அதுவல்ல. அந்தப் பிரதியின் ஓரங்களில், பழைய பழுப்பு மையில், யாரோ ஒருவன் பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரோடு சண்டை போட்டிருந்தான். அவன் பெயர் தெரியாது. மேடம் அவனை "ஓரக்காரன்" என்பார். எதிர் வீட்டு விவகாரம் பேசுவதுபோல எனக்குச் சேதி வரும். "இன்னைக்கு நம்மாளு 'மூடன்'னு எழுதியிருக்கான்ப்பா." இன்னொரு நாள், "கடவுள் பேரைச் சொல்லி இந்தப் புத்தகத்தை நெருப்புல போடணும்ங்கறான்." சில வருஷங்கள் கழித்து ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஆளு ஆடிப்போயிட்டான். 'இதற்கு என்னிடம் பதில் இல்லை'ன்னு எழுதியிருக்கான்."

கடைசியில் அவன் ஒப்புக்கொண்டானா, இல்லையா? மேடத்துக்கு அதுதான் தெரிய வேண்டும். முன்னால் புரட்டிப் பாருங்களேன் என்றேன். "அவன் வந்த வழியிலதான் நானும் வருவேன்" என்றார். மை மங்கல், மேடத்தின் கண்ணும் மங்கல். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆனது.

இதற்குள் வக்கீல் காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருந்த அவர் மகன் சேவியர், ஊர் வீட்டைக் காலி செய்ய வந்தவர், சரஸ்வதி பூஜையன்று மதியம் வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்வதாகப் போனில் சொன்னார். அங்கே ஒரு நூலகத்துக்குத் தர ஏற்பாடாம். கடைசிப் பகுதி அப்படியே பாக்கி இருந்தது.

பூஜையன்று காலை நான் போனபோது, மேடம் அந்தப் புத்தகத்தைத் தம்பி மகளின் அறிவியல் பாடநூலுக்கு மேல், சரஸ்வதி படத்தின் முன் வைத்துக்கொண்டிருந்தார். பூஜை அறைப் பக்கமே போகாதவர். கலா சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள்.

"பொட்டு வெக்காத கலா."

"பொட்டு இல்லாம எப்படி அண்ணி?"

"ஒரு துண்டுச் சீட்டுல வெச்சுப் பக்கத்துல வை. சாமிக்குப் புரியும்."

சேவியர் வந்தார். நல்ல மனிதர், வியர்வையில் நனைந்திருந்தார். மேடம் வாசற்படியிலேயே சொல்லிவிட்டார்: "பூஜையில வெச்சிட்டோம் தம்பி. இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல எடுத்துக் குடுத்துடறேன்." சேவியருக்கு மறுநாள் இரவு சென்னையில் விமானம். என்னைப் பார்த்தார். நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக சரஸ்வதி பக்தனாக முகத்தை வைத்துக்கொண்டேன். "சரிங்க மேடம், உங்க வழக்கம்" என்று லாட்ஜுக்குப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு, "ஒரு முழு நாள் கெடச்சிருக்கு, எடுங்க" என்றேன்.

மேடம் அசையவில்லை. "தொடக் கூடாதுன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டேனே."

"உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கெடயாதே."

"நம்பிக்கை இல்ல. ஆனா சொன்னது நான்தானே. தொடக் கூடாதுன்னா எனக்கும்தான்."

அன்று முழுவதும் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையெட்டும் தூரத்தில் புத்தகம். நான் கெஞ்சினேன், கிண்டல் செய்தேன், கோபித்துக்கொண்டு பஸ் ஏறப்போய்த் திரும்பி வந்தேன். அப்படியே இருந்தார். சுண்டல்கூடச் சாப்பிடவில்லை. நான் அவர் பங்கையும் சாப்பிட்டேன்.

விஜயதசமி காலையில் சேவியர் காரோடு வந்துவிட்டார். பூஜை முடிந்து புத்தகம் எடுத்தால் நாலு வரி படிக்க வேண்டும் என்பது வழக்கம். தம்பி மகள் ஒளிச்சேர்க்கையை நாலு வரி படித்துவிட்டு ஓடினாள். மேடம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்து, வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நாலு வரி ஆயிற்று. நாலு பக்கம் ஆயிற்று. வாரம் ஒரு பக்கம் படித்தவர் ஓடினார். அச்சை விட்டுவிட்டார், ஓரத்தை மட்டும் படித்தார்.

கீழ வீதியில் டிரைவர் ஹாரன் அடித்தான். சேவியர் என் காதருகே வந்தார். "சார், மந்திரம் இன்னும் எவ்ளோ இருக்கு?"

"கொஞ்சந்தான்" என்றேன். தாள் அடுக்கைப் பார்த்தால் அது வாயில் வந்த பொய்.

மறுபடி ஹாரன். மேடம் ஒரு வரியைத் தவறவிட்டுத் திரும்பப் பிடித்தார். சேவியர் கடிகாரத்தைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, எழுந்து வாசலுக்குப் போய், "இன்னொரு வாட்டி அடிச்சேன்னா நடந்துதான் போவணும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

திடீரென்று மேடம் நிறுத்தினார். தாளைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். வேகமாக, கடைசிவரை. ஓரங்கள் வெறுமையாக இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

மூடி, இரண்டு கையாலும் சேவியரிடம் கொடுத்தார். "இன்னும் படிக்கணும்னா ஃப்ளைட்ட மாத்திக்கறேன் மேடம்" என்றார் அவர். "வேணாம் தம்பி. முடிஞ்சிடுச்சு."

கார் திரும்பிப் போன பிறகு, ஒப்புக்கொண்டதால்தான் எழுதுவதை நிறுத்தியிருப்பான் என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன்.

"செத்தும் போயிருக்கலாம்" என்றார் மேடம். "எனக்கு அது இல்லப்பா. கோவம் வருது. இத்தினி வருஷம் கூடவே இழுத்துக்கிட்டு வந்தான். கடைசியில ஒரு வார்த்தை சொல்லாம எழுந்து போயிட்டான் பாரு."

போன மாதம் கீழ வீதி வீட்டில் அவரை வைத்திருந்தபோது, எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் போனில் எங்களுக்குள் ஒரு சண்டை. என் புதுக் கட்டுரை அசல் குப்பை என்றார், ஏன் என்று கேட்டேன், "நேர்ல வா, சொல்றேன்" என்றார். அதைக் கேட்கத்தான் அன்று துண்டு போட்டேன். அவரும் சொல்லாமலே எழுந்து போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோபம்தான். அதை யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.