தக்காளிக்கு முன் சீட்

உருளைக்கிழங்கு மூட்டையைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு டார்லீன் எடை மெஷின்மேல் ஏறும்போது, அவர் கணவர் ஒரெஸ்ட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட வேண்டும். முதலில் மூட்டையோடு ஏறுவார். பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூட்டையின் எடை. தனியாக ஏறும்போது மெஷின் காட்டுகிற எண் ராஜாங்க ரகசியம். கல்யாணமாகி முப்பத்துச் சொச்சம் வருஷம் கழிந்த பிறகும் ஒரெஸ்டுக்கு அது தெரியாது.

"திரும்பிட்டியா?"

"திரும்பிட்டேன் தாயே."

"கண்ணாடியில பாக்கறியா?"

"கார் ஷெட்ல ஏதும்மா கண்ணாடி?"

"வேன்ல இருக்கே, ரெண்டு பக்கமும்."

ஒரெஸ்ட் கண்ணையும் மூடிக்கொள்வார்.

வந்த எடையைத் தடித்த பேனாவால் காகித டேப்பில் எழுதி மூட்டையின் காதில் ஒட்டினால் அந்த மூட்டைக்குப் பயண அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். "எடை எழுதினது உள்ள போகும். எழுதாதது வெளியில நிக்கும்" என்பது டார்லீனின் சட்டம். பக்கத்துவீட்டு வாண்டா வடக்கே இருக்கிற தன் தங்கை மகனுக்காகக் கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி, எடை போட நேரமில்லாத காரணத்தால், இரண்டு நாள் வாசலில் வெயில் காய்ந்தது.

டார்லீன் ஹ்ரின்சுக் லிஃப்ட் மெக்கானிக். வருஷமெல்லாம் கனடாவின் எட்மன்டன் நகரத்து லிஃப்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர், ஜூன் வந்தால் சொந்த வேனை எடுத்துக்கொண்டு வடக்கே எல்லோநைஃபுக்குப் போய்விடுவார். பாறைக்கும் ஏரிக்கும் காட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. அங்கேயும் மாடி வீடுகள் உண்டு. மாடி ஏற முடியாத முழங்கால்களும் உண்டு. மூன்று வாரம் தங்கி, அங்கிருக்கிற லிஃப்டுகளைப் பிரித்து, துடைத்து, எண்ணெயிட்டு, சோதித்துவிட்டுத் திரும்புவார். இந்த மூன்று வாரத்துக்கு மார்ச் மாதமே தயாராகத் தொடங்கிவிடுவார். சந்தில் பனி முழங்காலளவு கிடக்கும்போது, கார் ஷெட்டில் கொசுவலை பிரித்துக் காயப்போடப்பட்டிருக்கும்.

அவரிடம் முரண்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. கடைவீதிக்குப் போனால் மூன்று மாடியானாலும் படியேறித்தான் போவார். "லீவு நாள்லயும் அது மூஞ்சியைப் பாக்கணுமா?" என்பார். சூரியன் அஸ்தமிக்க மனமில்லாமல் நிற்கும் ஊருக்குப் போய், லிஃப்ட் ஓடும் இருட்டுப் பொந்துக்குள் நெற்றி விளக்கோடு உட்கார்ந்திருப்பார். "வேலையை முடிச்சு வெளிய வந்தா பளீர்னு வெயில் அடிக்கும். பொழுதோட வேலையை விட்டுட்டு ஓடி வந்துட்டேனோன்னு எனக்கே கூச்சமாயிடும்." முதல் வருஷம் ஒரெஸ்ட் ஆசையாக வாங்கித் தந்த தூண்டில் கோல் ஒவ்வொரு ஜூனிலும் வடக்கே போய்வருகிறது. அதன் எடையும் எழுதப்பட்டிருக்கிறது. அது தண்ணீரைப் பார்த்ததில்லை.

மூட்டைகளுக்கு வருவோம். லிஃப்டைச் சோதிக்கிறவர்கள் அதில் முழுச் சுமையையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மற்றவர்கள் இதற்கென்று இரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றிப் போய், அதே கட்டிகளைத் திருப்பி ஏற்றி வருவார்கள். டார்லீனும் முதல் வருஷம் அப்படித்தான் செய்தார். இரண்டாம் வருஷம் அவருக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு தூரம் இரும்பைச் சுமந்துட்டுப் போயி இரும்பையே சுமந்துட்டு வரணுமா? உருளைக்கிழங்குக்கு எடை இல்லையா? பிரேக் என்ன, தின்னு பாத்தா பிடிக்கப் போகுது?"

அன்றிலிருந்து வேனில் இரும்பு ஏறுவதில்லை. உருளைக்கிழங்கு, கோதுமை மாவு, வெங்காயம், நாய்த் தீவனம் என்று வடக்கே விலை அதிகமான சாமான்களை அங்கிருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். எல்லாம் எடை எழுதி வண்டி ஏறும். சோதனை நாளன்று மூட்டைகளை லிஃப்டுக்குள் கூரைவரை அடுக்கி, மேலும் கீழும் ஓட்டி, நடுவில் சட்டென்று நிறுத்திப் பார்ப்பார். மாடிக்கு மாடி ஆட்கள் கதவருகில் கூடி நின்று, தங்கள் வெங்காயம் பத்திரமாக வந்து சேருமா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். பிரேக் பிடித்தது என்று உறுதியானதும் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து, அந்தந்த மாடிக்குரியதை இறக்கிவிட்டு வருவார். சோதனையும் முடிந்தது, பட்டுவாடாவும் முடிந்தது. யாருக்கு எந்த மாவு, யார் வீட்டு நாய்க்கு எந்தத் தீவனம் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது. கிளம்பும்போது யாராவது நன்றி சொல்லத் தொடங்கினால், "சும்மா தூக்கிட்டு வந்தேனா? வேலைக்குத் தேவைப்பட்டுது" என்று வெட்டிவிடுவார்.

வேனின் முன் சீட் தக்காளி நாற்றுகளுக்கு. ஜன்னலோரத்தில் ஏப்ரலில் முளைக்கவைத்தவை. பெட்டியோடு சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, அதையும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். வடக்கத்தி வெயிலில் தக்காளி இராப்பகலாக வளரும் என்பது அவர் வாதம்.

ஓட்டுநர் சீட்டைப் பற்றி ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். டார்லீன் குள்ளம். சீட்டை நன்றாக முன்னால் இழுத்து, இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் நிறுத்தி, கீழே ஒரு மெத்தையும் வைத்துக்கொண்டால்தான் ஸ்டியரிங்குக்கு மேலே அவர் கண் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் வேன் கழுவும் இடத்தில் யாரோ ஒருவன் அந்தச் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டான். "பழைய இடம் கடைசி வரைக்கும் கிடைக்கலையே! ஒரு கோடை பூரா யாரோட மடியிலயோ உக்காந்து ஓட்டுற மாதிரியே இருந்துச்சு." அதன்பிறகு சாவியை அவர் யாரிடமும் கொடுத்துவிட்டு நகர்ந்ததில்லை. எண்ணெய் மாற்றுகிற கடைக்காரர்கூட, அவர் பக்கத்தில் நிற்க, பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவார்.

யாரிடமும் என்பதில் ஒரெஸ்டும் அடக்கம். இதில்தான் வேடிக்கை. ஒரெஸ்ட் நகரப் பேருந்து ஓட்டுநர். ஆறடிக்கு மேல் உயரம். அவர் ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் வடதுருவத்துக்குப் பலதரம் போய்வந்திருக்கலாம். ஆனால் போனதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து கால்பந்து மைதானம்வரை, மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிவரை. இத்தனை வருஷமும் ஜூனில் அவருக்கு லீவு கிடைத்ததில்லை. இந்த ஈஸ்டரோடு ஓய்வு பெற்றுவிட்டார். இனி எல்லா நாளும் லீவு. மனைவியோடு ஒருமுறையாவது வடக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை வாய்விட்டுக் கேட்க மட்டும் வரவில்லை. கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதுதான் அவர் தொழில். ஏறுவது மற்றவர்கள் பாடு. இப்போது எதிர்ப்பக்கம் நிற்கிறார், பழக்கமில்லை.

சுற்றி வளைத்துப் பார்த்தார். "வடக்க இப்ப மீன் நல்லாக் கடிக்குமாமே?"

"கடிக்கும். கொசு அதைவிட நல்லாக் கடிக்கும்."

"ரெண்டு பேர் இருந்தா மூட்டை இறக்க லேசா இருக்கும்."

"அதுக்குத்தான் தள்ளுவண்டி இருக்கு."

வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற வாண்டாவுக்குத்தான் பொறுக்காது. "ஏண்டி டார்லீன், தக்காளிக்குப் பெல்ட்டெல்லாம் போட்டு முன்னால உக்கார வெக்கிறியே, புருஷனுக்கு ஒரு மூலை கிடையாதா?"

"தக்காளி வழி முழுக்க ஸ்டாப் பேரைச் சொல்லிக்கிட்டு வராது, வாண்டா."

அது உண்மைதான். ஒரெஸ்ட் தூக்கத்தில்கூட நிறுத்தங்களின் பெயரைச் சொல்வார்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன் அவர் ஒரு காரியம் செய்தார். பேருந்துக் காலத்துத் தோள்பையில் இரண்டு சட்டை, ஃபிளாஸ்க், மீன்பிடிக்கப் போகும்போது போடுகிற தொப்பி, கம்பளிக் காலுறை எல்லாம் அடைத்து, கார் ஷெட்டின் மூலையில் பனிக்கால டயர்களுக்குப் பின்னால் ஒளித்து, மேலே பழைய மழைக்கோட்டைப் போட்டு மூடிவைத்தார். டார்லீன் கூப்பிட்டால் உடனே கிளம்பலாம். கூப்பிடாவிட்டால் யாருக்கும் தெரியாமல் பிரித்து வைத்துவிடலாம். மனைவியைக் கிண்டல் செய்கிற மனிதர், அவரைவிட ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மதியம், மாவு மூட்டையோடு டார்லீன் மெஷின்மேல் நிற்கும்போது போன் அடித்தது. எல்லோநைஃபிலிருந்து மேடலின். ஐந்தாம் மாடிக்காரர், இடுப்பு ஒடிந்ததிலிருந்து சக்கர நாற்காலி, வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூட்டையைக் கீழே வைக்காமல், ஸ்பீக்கரில் போடச் சொன்னார் டார்லீன். ஒரெஸ்ட் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டிப் போட்டார்.

"அடியே லிஃப்ட்காரி, உன் பிள்ளை நாலாவது மாடியில குந்திக்கிட்டு நேத்துலேருந்து எழுந்திருக்க மாட்டேங்குது."

"என்னக்கா சத்தம் வந்துச்சு நிக்கிறப்ப?"

"சத்தமே வரலை. கோவிச்சுக்கிட்ட மாதிரி நின்னுடுச்சு. சனிக்கிழமை காலையில என் தங்கச்சி படகு கெளம்புது. ஏரிக்கு அந்தாண்ட, மீன் காயப்போடுற கூடாரத்துக்கு. எங்க ஆளுங்க எல்லாரும் போயாச்சு. இதை விட்டா இந்தக் கோடையில வேற படகு இல்லை."

"பசங்க யாராவது தூக்கி இறக்க மாட்டாங்களா?"

"தூக்கறேன்னுதான் நிக்கிறானுங்க நாலு பேரு. நான் என்ன பியானோவா? இறங்கினா லிஃப்ட்ல இறங்குவேன். இல்லைன்னா இங்கயே ஜன்னல்ல உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டிருப்பேன்."

"திட்டு. ஆனா பையைக் கட்டி வெச்சுக்கிட்டுத் திட்டு."

போனை வைத்ததும் டார்லீன் மாவு மூட்டையின் எடையை எழுதினார். ஒட்டினார். அப்புறம்தான் பேசினார். "இப்பவே கிளம்பினா நாளைக்குக் காலையில அங்க இருப்பேன்."

"பாதி வழியில ஒரு ராத்திரி தூங்கிட்டுத்தானே போவே?"

"இந்தத் தடவை தூங்கலை."

"தாராளமாப் போ. கண்ணு சொருகினா காட்டெருமை குறுக்க நின்னு எழுப்பி விடும்."

இரண்டு பேருக்கும் இடையில் ஒரே ஒரு வாக்கியம் கிடந்தது. யார் குனிந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. எடுக்காமல் மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். அவர் தூக்கிக் கொடுக்க, இவர் உள்ளே அடுக்க, உருளைக்கிழங்கு போயிற்று, வெங்காயம் போயிற்று, வாண்டாவின் ஊறுகாய் போயிற்று, தூண்டில் கோல் வழக்கம்போல் கூரையோரமாகப் போயிற்று.

"டயருக்குப் பக்கத்துல ரெண்டு நாய்த் தீவனம் இருக்கு பாரு" என்று வேனுக்குள்ளிருந்து குரல் வந்தது.

ஒரெஸ்ட் மூலைக்குப் போனார். தீவன மூட்டைகளை நகர்த்தும்போது மழைக்கோட்டு சரிந்தது. அவருடைய தோள்பை அங்கேதான் இருந்தது, வைத்தது வைத்தபடி. அதன் வாரில் மட்டும் காகித டேப் ஒட்டியிருந்தது. தடித்த பேனாவில், டார்லீன் கையெழுத்தில்: 14.

அவர் அந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோதுதான் டார்லீன் எடை போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. பதினாலு பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தரம், கீழே வைத்துவிட்டு ஒரு தரம். எழுதி, ஒட்டி, மழைக்கோட்டைப் பழையபடி இழுத்து மூடியும் வைத்திருக்கிறார்.

பையைக் கொண்டுவந்து வேனின் பின்கதவில் நின்றார். "இதை எங்க வெக்க?"

டார்லீன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "எடை எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"அப்புறம் என்ன கேள்வி?"

பை உள்ளே போயிற்று. கதவைச் சாத்தினார்கள். வாண்டா குழாயை மூட மறந்து வேலியோரம் நின்றார். காலடியில் தண்ணீர் குளம் கட்டியது. டார்லீன் சாவியைக் கணவர் கையில் வைத்துவிட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், தக்காளிப் பெட்டியின் பெல்ட்டை அவிழ்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்து, இருவருக்குமாகச் சேர்த்துப் பெல்ட் போட்டுக்கொண்டார்.

ஒரெஸ்ட் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். மெத்தையை எடுத்துப் பின்னால் வைத்தார். அதற்கு மேல் எதையும் தொடத் துணியவில்லை. சீட் ஸ்டியரிங்கை முட்டிக்கொண்டு நின்றது. தலையைக் குனிந்து, ஒரு காலை நுழைத்து, மற்றக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடித்த குடைபோல் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார்.

"அங்கே என்ன யோகாசனமா பண்றாரு?" என்றார் வாண்டா.

டார்லீன் ஒரு கையால் தக்காளியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் விட்டுத் துழாவி, துருவேறிய நெம்புகோலைக் கண்டுபிடித்து இழுத்து, அந்தச் சீட்டைப் பின்னால் கடைசிவரை தள்ளினார்.