மேரி செய்த கடைசி பஸ்

ஈர மரவள்ளிக் கிழங்கின் மண்வாசனையும் கண்டக்டர் தோல்பையின் வாசனையும் கலந்து அடித்தது அந்தப் பஸ் டிக்கெட் சீட்டில். கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் மத்தியான பஸ்ஸில் கிழித்த சீட்டு. அதன் பின்பக்கத்தில் நீல பால்பாயின்ட் பேனாவால் என் அத்தை மகள் மேரி பன்னிரண்டு எழுத்துகளை, எண்ணும் இங்கிலீசுமாகக் கலந்து எழுதி அனுப்பியிருந்தாள். அந்தப் பன்னிரண்டு எழுத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, மேரிக்குப் பதினான்கு. வெளிநாட்டில் யாரோ ஒற்றை ஆள் செய்த சின்ன வீடியோ விளையாட்டு ஒன்று எங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோழி ஓட வேண்டும், தாண்ட வேண்டும், போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதில் நாமே பாதை கட்டலாம். பள்ளம் வைக்கலாம், பாறை வைக்கலாம், கட்டியதை இணையம் வழியே உலகத்துக்கே ஏற்றிவிடலாம், போனில் கட்டியதைக் கம்ப்யூட்டரில் இருப்பவரும் ஆடலாம். அப்படிக் கட்டும் பாதைக்கு நாங்கள் வைத்த பெயர் "ரூட்டு". மலைமேல் கரியாலூரில் மேரியிடம் அவள் அப்பாவின் கீறல் விழுந்த போன். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் அண்ணன் அருளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். எங்கள் அப்பாவின் போன் காலையிலேயே அவரோடு வேலைக்குப் போய்விடும் என்பதால் மேரியின் சேதி பஸ்ஸில்தான் இறங்கும். கண்டக்டர் தெருமுனைப் பெட்டிக்கடையில் சீட்டைக் கொடுத்து, "மலப் பாப்பா லெட்டரு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பரீட்சை லீவில் மேரி ஒரு ரூட்டு கட்டினாள். அதன் பெயர் "கடைசி பஸ்". மலைப்பாதையின் வளைவுகளை ஒன்று விடாமல் வைத்து, கோழி அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று செய்திருந்தாள். அவசரப்பட்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் பள்ளத்தில் விழுவார்கள்; வளைவில் நின்று, பஸ் வேகத்தைக் குறைக்கும் அந்த ஒரு நொடியில் தாவுகிறவர்கள்தான் ஏற முடியும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு ஓடியவளுக்குத்தானே அது தெரியும்! டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, வெயிலில் காய்ந்து, அதை உலகத்துக்கு ஏற்றினாள்.

ஏற்றியபிறகு ஒரு தொல்லை. போனிலிருந்து ஏற்றினால் செய்தவர் பெயர் வரும் இடத்தில் "விருந்தாளி" என்றுதான் வரும். பெயர் போடக் கம்ப்யூட்டரில்தான் திறக்க வேண்டும். விளையாட்டைச் செய்த அந்த ஆளைக் கேட்கிறேன், மலையில் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததாம்? கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்குப் பெயர் உண்டு, போனில் கட்டியவள் விருந்தாளி. இது என்ன நியாயம்?

ஒவ்வொரு ரூட்டுக்கும் இரண்டு எண்கள். ஒன்று ஆடுவதற்கு, இன்னொன்று திருத்துவதற்கு. திருத்தும் எண்ணை அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள் என்று சிவப்பில் எச்சரிக்கை வேறு வரும். மேரி அதைப் படித்தாள், அதன் அர்த்தமும் அவளுக்குப் புரிந்தது, ஆனாலும் அந்தப் பன்னிரண்டு எழுத்து எண்ணைத்தான் சீட்டில் எழுதி அனுப்பினாள். தாய்மாமன் வீடு அவளுக்கு எப்படி அடுத்தவர் வீடாகும்? எங்கள் வீட்டுக்கு வந்தால் நேரே அடுப்படிக்குப் போய் சட்டியைத் திறந்து பார்க்கிறவள் அவள். எண்ணுக்குக் கீழே, "அருள்கிட்ட என் பேர போடச் சொல்லு" என்று எழுதியிருந்தாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா மாசக் கடைசியில் கேரளாவுக்கு வேலைக்குக் கிளம்புவதாக இருந்தார். "எப்பப் பாரு போன நோண்டிக்கினு கீற. அதுல உன் பேரு வந்துகீதுன்னு காட்டு, போன உன்கிட்டயே வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா என்கூட எடுத்துக்கினு பூடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

சீட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினான் அண்ணன். ரூட்டு திறந்தது. செய்தவர் பெயர் கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதில் அவன் தன் பெயரைத் தட்டினான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

"ண்ணா, மேரி பேர போடு."

"அப்புறம் மாத்திக்கலாம் இருடி. லேப்டாப்பு யாருது?"

அப்புறம் வரவேயில்லை. ஒரு வாரத்தில் அந்த விளையாட்டுக்காரர் "கடைசி பஸ்"ஸை முகப்பில் தூக்கி வைத்துவிட்டார். எந்தெந்த நாட்டிலிருந்தோ பாராட்டு வந்து குவிந்தது. இதைச் செய்தவர் நிஜமாகவே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அண்ணனாவது, பஸ்ஸுக்கு ஓடுவதாவது! காலேஜுக்குப் பைக்கில் போய்வந்த மகராஜன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஆளாளுக்கு அவன் முதுகைத் தட்டினார்கள். அவனும் கொஞ்சமும் கூசாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். "அவன் பேரு வந்தா நம்ம வூட்டுப் பேருதானடி? இதுக்குப் போயி இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள் அம்மா. "பொட்டப் புள்ள பேரப் போட்டா கண்டவனும் பேசுவான்" என்றார் அப்பா. பெண்பிள்ளை கட்டலாமாம், பெயர் மட்டும் கூடாதாம்.

மாசக் கடைசியில் மேரியின் அப்பா அவளோடு பாறைமேல் ஏறிப் பார்த்திருக்கிறார். "இதுல உன் பேரு எங்கம்மா கீது? அருளுன்னு இல்ல போட்டுகீது" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் போன் கேரளாவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மேரி ஒரு ரூட்டுகூடக் கட்டவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம், ரூட்டுகள் இருந்த இடத்தையே மூடிவிட்டார்கள். நடத்த முடியவில்லையாம். போனில் கட்டியது, கம்ப்யூட்டரில் கட்டியது எல்லாம் ஒரே நாளில் போயிற்று. அண்ணனுக்குப் போன் போட்டால், "அதையெல்லாமா இன்னும் ஞாபகம் வெச்சிக்கினு கீற?" என்று சிரிக்கிறான். அடுத்த பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். மேரி அங்கே ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறாள். யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெளிநாட்டு ஆளையும் அண்ணனையும் அவள் எதிரே நின்று திட்டித் தீர்த்தேன். முழுதும் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தச் சீட்டு இன்னா ஆச்சு?"

"பைபிளுக்குள்ள பத்திரமா வெச்சிகீறேன்."

"போன மாசம் வரைக்கும் அந்த நம்பரு போட்டா தெறந்திருக்குமா?"

"தெறந்திருக்கும்."

"அப்ப நீயே என் பேரப் போட்டிருக்கலாமேடி."

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்கடியில் நின்ற காற்றுக் குமிழை ஓர் அட்டையால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

எனக்கென்று கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ வருடமாகிறது. அந்தப் பெட்டியில் மேரி என்று தட்ட அரை நிமிடம் ஆகியிருக்குமா? தட்டவில்லை. அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், "அருளு தங்கச்சியா நீ?" என்று யாராவது கேட்டால், பெருமையாகத் தலையாட்டிக்கொண்டும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன். மரவள்ளி வாசனை இல்லை. மெஷினில் அடித்த ஊர்ப்பெயரும் தேதியும் சுத்தமாக வெளுத்துப்போயிருந்தன. திருப்பினேன். பன்னிரண்டு எழுத்தும் அப்படியே இருந்தன, அவற்றின் கீழே "என் பேர போடச் சொல்லு" என்பதும் இருந்தது.