செல்வத்தின் விண்ணப்பமும் என் கையெழுத்தும்

எங்கள் பிரிவு எலக்ட்ரீஷியன் செல்வம் இன்று காலை ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். டெரிடோரியல் ஆர்மியில் சேர அலுவலக அனுமதி வேண்டுமாம். பார்க்கிற வேலையை விடாமல், வருடத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போய்வரும் பகுதிநேர ராணுவம் அது. சண்டை என்று கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

"படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குப் போடறேன்" என்றேன்.

மாலை டவுன்ஷிப் பஸ்ஸில் அவர் மனைவி மீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. தெனம் காலையில கிரவுண்டுல ஓடிக்கினு இருக்காரு. தொப்பையக் கொறைக்கன்னு நெனச்சேன். நேத்து அவரு பையில இந்த ஃபாரத்தப் பாத்துதான் விஷயமே தெரிஞ்சுது."

"அவர்கிட்டயே வேணாம்னு சொல்லலாமே?"

"சொன்னா நின்னுடுவாருங்க. இருவது வயசுல ரெண்டு தடவ ஆர்மி செலக்‌ஷனுக்குப் போயி தேறாம திரும்பி வந்தவரு. இப்பதான் மொகத்துல ஒரு சிரிப்பு வருது. அத நான் கெடுத்ததா இருக்கக்கூடாது."

அவருடைய ஸ்டாப் வந்தது. இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செல்வத்துக்கு போன் செய்தேன்.

"முதல்ல வீட்டுல பேசிட்டு வாங்க செல்வம்."



"துப்பாக்கியப் புடிக்கச் சொல்லுங்க மேடம், புடிக்கிறேன். மீனாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்களேன்!"

எல்லையைக் காக்கக் கிளம்பியவர், சொந்த வீட்டு வாசலுக்கு என்னை முன்னால் அனுப்புகிறார்.

நாளைக் காலை ஷிப்டுக்குள் நான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக இருந்தால் கையெழுத்துப் போடுவீர்களா, லீவு போடுவீர்களா?